மடிக்க முடியாத பிராது

ஏரிக்கரை முனியப்பன் எனக்குத் தர வேண்டிய பாக்கி பதினோராயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். சாமியையே கடன்காரர் என்கிறானே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபித்துக்கொள்ள ஏற்கெனவே நிறையப் பேர் வந்து போய்விட்டார்கள். அதுவுமில்லாமல், கடன்காரர் முனியப்பன்தான் என்று முதலில் சொன்னது நானல்ல. கோயில் கமிட்டித் தலைவர் அர்ச்சுனன்.

கடத்தூரிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டி போகிற வழியில் எங்கள் ஊர். ஏரிக்கரையில் முழியை உருட்டிக்கொண்டு, மடியில் அரிவாளோடு, வெயிலோ மழையோ தன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்த முனியப்பனுக்குப் போன வருடம் திடீரென்று மண்டபம் தேவைப்பட்டது. அவர் கேட்கவில்லை. பக்கத்து ஊர் முனியப்பனுக்கு மண்டபம் வந்துவிட்டது, நம்மவர் மட்டும் வெளியே உட்கார்ந்திருந்தால் ஊருக்குக் கேவலம் என்று கமிட்டி முடிவு செய்தது. தரைக்கு வழவழவென்று டைல்ஸ். ஒட்டியது நானும் சவுரியப்பனும்.

சவுரியப்பன் மாதா கோயில்காரன். இருபது வருடமாக வேலையில் எனக்கு ஜோடி. வேலை முடிந்த அன்றே அவனைக் கூப்பிட்டு முழுக் கூலியையும் எண்ணிக் கொடுத்தார்கள். என்னைப் பிறகு வரச் சொன்னார்கள். பிறகு போனேன். அதற்குப் பிறகும் போனேன். செருப்புதான் தேய்ந்தது.

கடைசியாகப் போனபோது அர்ச்சுனன் தன்னுடைய உரக்கடையில் உட்கார்ந்து வெள்ளரிப் பிஞ்சு தின்றுகொண்டிருந்தார்.

"வா மாதப்பா. உக்காரு. பிஞ்சு திங்கிறியா?"

"கூலிங்க தலைவரே."

"அதுக்கென்ன இப்ப? ஓடியா போவப் போற?"

"சவுரிக்குக் குடுத்துட்டீங்களே."

"அவன் வேற மதத்துக்காரன்ப்பா. அவங்கடனை நம்ம சாமி வெச்சிருந்தா நல்லாவா இருக்கும்? தெய்வ குத்தமாயிடும்."

"எங்கடனை வெச்சிருந்தா ஆவாதுங்களா?"

"நீ நம்மாளு. நீ யாருக்குச் செஞ்ச? எனக்கா செஞ்ச? என் வூட்டுக்கா டைல்ஸ் ஒட்டுன?"

அவர் வீட்டு மாடிப்படிக்கும் அதே டிசைன் டைல்ஸ், கோயிலுக்கு இறங்கிய அதே வண்டியிலிருந்து, எங்கள் கையால்தான் ஒட்டினோம். ஆனால் அதைச் சொன்னால் தலைவர் மனம் புண்படும்.

"கமிட்டி கையில பணமில்ல. உண்டியல்ல இருக்கறது சாமி பணம். அதைத் தொட நான் யாரு, நீ யாரு? அவருக்குதான செஞ்ச? அவர்கிட்டயே கேட்டு வாங்கிக்க."

வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த சவுரியப்பன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"எங்க கோயில்ல படி கட்டுனப்ப எனக்குப் பாதிக் கூலிதான்டா. மீதிக்கு ஃபாதர் ஒரு ஜெபமால குடுத்தாரு. கூட வந்த உங்காளு ஒருத்தனுக்கு அன்னைக்கே முழுசா பட்டுவாடா. இனிமே எங்க கோயில் வேல வந்தா நீ போ, உங்க கோயில் வேல வந்தா நான் போறேன். அப்பதான் ரெண்டு பேரும் கஞ்சி குடிப்போம்."

வீட்டில் நஞ்சம்மாள் சிரிக்கவில்லை. மண்டப வேலை நடந்த நாளெல்லாம் வீட்டுச் செலவுக்கு அவள் காதுத் தோட்டை அடகு வைத்துத்தான் ஓட்டினோம். கூலி வந்ததும் மீட்டுக்கொள்ளலாம் என்று நான்தான் கழற்றச் சொன்னேன். ஓட்டை தூர்ந்துவிடாமலிருக்க இரண்டு காதிலும் வேப்பங்குச்சி சொருகிக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டிப் பேசும்போதெல்லாம் அந்தக் குச்சி என்னைப் பார்த்து நீட்டும்.

"சாமிகிட்ட கேக்கச் சொன்னாரா? கேளு. ஊரே கேக்குது, நீ கேட்டா என்ன?"

ஊரே கேட்கிறது என்று அவள் சொன்னது பிராதை. களவு போனது, கடன் வராதது, புருஷன் ஓடிப்போனது, வரப்பைப் பக்கத்துக் காட்டுக்காரன் நகர்த்தியது, எதுவானாலும் எங்கள் பக்கத்து ஜனங்கள் ஒரு காகிதத்தில் எழுதி, நாலாக மடித்து, மஞ்சள் நூல் சுற்றி முனியப்பன் சூலத்தில் கட்டுவார்கள். அடுத்த அமாவாசைக்குப் பூசாரி பச்சையப்பன் அத்தனையையும் கொளுத்திவிடுவார். கோயில் வாசலில் வெற்றிலைக்கடை வைத்திருக்கும் தங்கம்மாள்தான் எழுதிக் கொடுப்பாள். முன்பு முப்பது ரூபாய், மண்டபம் வந்த பிறகு ஐம்பது. எழுதியதை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது ஐதீகம். தங்கம்மாள் எல்லாரிடமும் சொல்வாள்.

"போன மாசம் ஒருத்தி எழுதச் சொன்னா பாரு," என்பாள். "கண்ணு அவிஞ்சவனே, கல்லாப்போனவனே, எங்கோழிய திருடுனவனைக் காட்டலைன்னா உம்மூஞ்சில சாணி அடிப்பேன்னு. எழுதறதுக்கு எனக்கே கை கூசுச்சு. இருந்தாலும் காசு வாங்கிட்டனே."

அந்தப் பிராது நாலாக மடிந்து, மஞ்சள் நூலில் மரியாதையாகத் தொங்கியது. மடித்துவிட்டால் பக்தி.

எனக்கு எழுத்து வந்தது ஐம்பது தாண்டி. பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடந்த வகுப்பில் கற்றுக்கொண்டேன். கலவை பிசைந்த விரலில் பேனா நிற்காது, அழுத்தினால் காகிதம் கிழியும். டைல்ஸ் வெட்டுவதற்கு அடையாளம் போடுகிற கறுப்பு மார்க்கர்தான் என் கைக்கு அடங்கும். தங்கம்மாளுக்கு ஐம்பது ரூபாய் கொடுக்க மனமில்லை. சாக்குப் பையில், வேலை முடிந்து மிஞ்சிய ஒற்றை டைல்ஸ் கிடந்தது. அதன் முதுகுப் பக்கம் சொரசொரப்பாக இருக்கும், மை பிடிக்கும். உட்கார்ந்து எழுதினேன்.

"ஏரிக்கரை முனியப்பனுக்கு மாதப்பன் எழுதுவது. உன் மண்டபத்துக்கு டைல்ஸ் ஒட்டினேன். பாக்கி 11,350. தலைவர் உன்னைக் கேட்கச் சொன்னார். கேட்கிறேன். உனக்குச் சாராயம் வருகிறது, சுருட்டு வருகிறது, கிடா வருகிறது. எனக்குக் கூலி வரவில்லை. என் கூலியை நீ தின்றாயா, அவர்கள் தின்றார்களா? நீ தின்றிருந்தால் கக்கு. அவர்கள் தின்றிருந்தால் அந்த அரிவாள் எதற்கு? உன்னால் ஆகாது என்றால் சொல்லிவிடு. இறங்கி என்னோடு சித்தாள் வேலைக்கு வா. உனக்காவது கூலி வாங்கித் தருகிறேன்."

நானே படித்துப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. நஞ்சம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். "இன்னுங் கொஞ்சம் காரமா எழுதியிருக்கலாம்" என்றாள்.

மறுநாள் காலையில் கொண்டுபோய்ச் சூலத்தடியில் சாய்த்து வைத்தேன். எழுத்து இருக்கும் பக்கத்தைச் சாமி பக்கம் திருப்பித்தான் வைத்தேன். படிக்க வேண்டியவர் அவர்தானே? வெளியே தெரிந்தது வழவழப்பு. இரண்டு பெண்கள் அதில் முகம் பார்த்துக் குங்குமம் சரிசெய்துகொண்டு போனார்கள். பச்சையப்பன் கூட்டும்போது திருப்பி வைத்துவிட்டார். தப்பு அங்கேதான் நடந்தது. மற்ற பிராது போல அதை மடிக்க முடியாது.

இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. வந்தவர்கள் படித்தார்கள், சிரித்தார்கள், கற்பூரம் கொளுத்தினார்கள். பச்சையப்பன் தெருவில் என்னைப் பார்த்து, "நல்லாக் கேட்ட போ, சாமிக்கும் ஒரு ஆள் வேணுமில்ல கேக்க" என்றார். யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

மூன்றாம் நாள் பிரபாகர் வந்தான். கடத்தூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். மதத்தைக் காக்கிற பேரவை ஒன்றுக்கு அவன் தலைவன். செயலாளரும் பொருளாளரும் அவன் கடையிலேயே வேலை செய்கிறார்கள். யாருக்கோ டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொடுக்க எங்கள் ஊருக்கு வந்தவன், ஒன்றுக்கு ஒதுங்க ஏரிக்கரைக்கு வந்து, திரும்பும் வழியில் டைல்ஸைப் பார்த்துவிட்டான். அங்கேயே புண்பட்டுவிட்டான். படம் எடுத்தான், போட்டான். சாயங்காலத்துக்குள் திருப்பூரில் ஒருவர் புண்பட்டார், துபாயில் ஒருவர் புண்பட்டார். முனியப்பன் எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறார் என்றே தெரியாதவர்களெல்லாம் தூக்கமில்லாமல் கிடந்தார்களாம்.

மறுநாள் அர்ச்சுனன் கொடுத்த புகாரில் ஸ்டேஷனில் என்னை உட்கார வைத்தார்கள். எஸ்.ஐ. அம்மா பேர் பாரதி. மேசை மேல் என் டைல்ஸ். ஒரு பக்கம் பிரபாகர், ஒரு பக்கம் அர்ச்சுனன். பச்சையப்பனையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"இந்தக் கல்லுல எழுதுனது நீங்களா?"

"கல்லில்லீங்க மேடம், டைல்ஸுங்க."

"எதுவோ. நீங்கதானே?"

"நான்தானுங்க. மேலயே பேரு போட்டிருக்கேன்."

பிரபாகர் எழுந்து நின்றுகொண்டான். "மேடம், கோடிக்கணக்கான மக்களோட உணர்வு புண்பட்டிருக்கு."

"கோடியா? அந்த ஊருல ஓட்டே எண்ணூறுதானே?"

"ஆன்லைன்ல மேடம். அதுமட்டுமில்ல, முனீஸ்வர சுவாமி சாராயம் குடிக்கறாருன்னு எழுதியிருக்கான். சுருட்டுன்னு எழுதியிருக்கான். இது அப்பட்டமான அவதூறு. சுவாமி சுத்த சைவம்."

அதுவரை கைகட்டி நின்ற பச்சையப்பனுக்கு முகம் மாறிவிட்டது.

"தம்பி, வாயக் கழுவு. எங்க சாமி குடிக்காதா? எங்க தாத்தன் காலத்துலருந்து ஊத்தறோம். போன அமாவாசைக்குக்கூட மூணு குவாட்டர் வெச்சேன். கிடா திங்காதா? அப்ப எங்க வம்சமே பொய்யின்னு சொல்றியா?"

"நீங்க அறியாமையில பண்றீங்க பெரியவரே."

"மேடம், எழுதிக்கோங்க. மாதப்பன் எழுதுனதுல எனக்கு ஒண்ணுமில்லீங்க. இந்தத் தம்பி சாமிய சைவம்னு சொன்னதுலதான் எனக்குப் புண்பட்டுப் போச்சு. இங்க, நெஞ்சுல. கேஸ் போடுங்க."

எஸ்.ஐ. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரே சாமி, ஒரே ஸ்டேஷன், இரண்டு புண். "யோவ், பாக்கி இருக்கா இல்லையா? அதை முதல்ல சொல்லுங்க" என்று அர்ச்சுனனைக் கேட்டார்.

"அது கோயில் உள்விவகாரம் மேடம். இப்ப பிரச்சினை பாக்கி இல்ல. பக்தி."

அப்போதுதான் பிரபாகர் அந்தப் பேச்சை எடுத்தான்.

"மேடம், இவனுக்கு இப்படியெல்லாம் எழுதத் தெரியாது. பின்னாடி ஆள் இருக்கு. கூட வேலை செய்யறவன் பேரு சவுரியப்பன். பேரைக் கேட்டாலே புரிஞ்சிருக்கும். அவன் படத்தையும் எங்க பேஜ்ல போடப்போறோம்."

நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். எனக்கு எழுதத் தெரியாது என்று சொன்னதற்காக அல்ல. சவுரியப்பனுக்கு எங்கள் ஊரில் சொந்தம் என்று இரண்டே குடும்பம்தான். ரோட்டோரம் தகரக் கூரை வீடு. அவன் பேரும் படமும் இவன் கையிலிருக்கிற போனில் ஏறினால், துபாயில் தூக்கமில்லாதவனுக்குக் கோபம் வரும், கல் விழுவது சவுரியின் தகரத்தில்.

"பேசித் தீத்துக்கிட்டு வாங்க, ரெண்டு நாள் டைம்," என்றார் எஸ்.ஐ. அம்மா. டைல்ஸைச் சாட்சிப் பொருள் என்று அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் கார். தர்மபுரியிலிருந்து ஒரு பகுத்தறிவு மன்றத்தார் வந்திருந்தார்கள். தலைவர் சிலம்பரசன், ஓய்வுபெற்ற பேராசிரியர். என்னைப் பார்த்ததும் ஒரு சால்வையைப் போர்த்திக் கட்டிப் பிடித்துக்கொண்டார். படம் எடுத்தார்கள்.

"தோழர், நீங்க ஒரு கருத்துரிமைப் போராளி."

"நான் கூலி கேட்டேனுங்க."

"கூலி சின்ன விஷயம் தோழர். நீங்க கேட்டது அதிகாரத்தைப் பாத்து ஒரு கேள்வி. ஞாயித்துக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கூட்டம். மேடையில வந்து கடவுள் இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"அதெப்படிங்க? அவரு இல்லைன்னா நான் பாக்கிய யாருகிட்ட கேக்கறது?"

பேராசிரியர் முகம் விழுந்துவிட்டது.

"சரிங்க, நீங்க மன்றத்துலருந்து அந்தப் பதினோராயிரத்து முந்நூத்தி அம்பதைத் தந்தீங்கன்னா..."

"நாங்க கொள்கை அமைப்பு தோழர். நிதி கிடையாது."

பஸ் செலவு தருவார்களா என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகக் காரில் ஏறினார்கள். சால்வையைத் திருப்பிக் கேட்கவில்லை, அந்த மட்டில் நல்ல மனிதர்கள். நஞ்சம்மாள் அதைச் சும்மாடு சுற்றி மறுநாளே தலையில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு வந்தாள்.

சவுரியப்பன் இருட்டுகிற நேரத்தில் வந்தான். சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

"மாதப்பா, எங்க ஃபாதரு கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. உன்னோட ஒரே வேலைக்குக் கொஞ்ச நாளைக்குப் போவ வேணாமாம்."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன். என் வூட்டுக்காரி அழுவுறாடா. உன்னைக் குத்தஞ் சொல்லல. ஆனா நீ அதை ஒரு துண்டுத்தாள்ல எழுதி மடிச்சித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். கூலி போனால் போகட்டும் என்று அல்ல. கூலியும் வேண்டும், சவுரியின் கூரையும் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் மண்டபத்தில் கமிட்டி கூடியது. நான் ஒட்டிய டைல்ஸ் மேலேயே நின்றேன். அர்ச்சுனன் ஒரு மரியாதைக்கு முனியப்பனுக்கு முதுகு காட்டாமல் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிரபாகரும் வந்திருந்தான். இந்த முறை செருப்பைக் கழற்றினான்.

"மாதப்பன் சாமிகிட்ட மன்னிப்பு கேட்டு, பதினஞ்சாயிரம் அபராதம் கட்டணும்," என்றார் அர்ச்சுனன்.

"பாக்கிய முதல்ல குடுங்க தலைவரே. அதுலருந்து கட்டறேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அர்ச்சுனனுக்கு யோசனை பிறந்தது. அவர் முகத்தில் யோசனை பிறந்தால் தெரியும், நாக்கால் கடைவாயைத் துழாவுவார்.

"சரி. பாக்கி பதினோராயிரத்து முந்நூத்தி அம்பது. அதை அபராதத்துல கழிச்சிக்கலாம். மீதி மூவாயிரத்து அறுநூத்தி அம்பதைச் சாமி மன்னிச்சிட்டாரு. என்ன பிரபாகரு, உங்களுக்குச் சரியா?"

"மன்னிப்பை வீடியோவுல சொல்லணும்."

"சொல்றேன் தம்பி," என்றேன். "சவுரி பேரு உங்க போன்ல வரக் கூடாது. அதுக்கு ஒத்துக்கிட்டா சொல்றேன்."

அவன் ஒத்துக்கொண்டான். என்னைவிட வீடியோதான் அவனுக்கு முக்கியம். முனியப்பனைப் பார்த்துக் கும்பிட்டு, "சாமி, உன்னைக் கூலி கேட்டது தப்பு. இனிமே உன்னைக் கேக்க மாட்டேன்" என்றேன். பிரபாகர் போனை இறக்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் உருக்கமா" என்றான். இன்னொரு முறை சொன்னேன்.

முடிந்தது என்று எழுந்தபோது பொருளாளர் சிவக்குமார் கையைத் தூக்கினார். கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். காற்றடித்தாலும் வவுச்சர் கேட்பார்.

"அபராதம்னு எழுத முடியாதுங்க. அபராதம் போடறதுக்குக் கமிட்டிக்கு அதிகாரமில்ல. நாளைக்கி ஆடிட்டுல வம்பு."

"வேற எப்படி எழுதறது?"

"உபயம்னு போடலாம். அவரா மனசு வந்து குடுத்தாருன்னு."

"போடுங்க."

"உபயம்னா கல்லுல பேர் வரணும். பத்தாயிரத்துக்கு மேல குடுத்தவங்க பேரெல்லாம் கல்லுல போடறோம்னு தீர்மானம் இருக்கு."

அர்ச்சுனன் பல்லைக் கடித்தார். "சரி, போட்டுத் தொலைங்க. ரொக்கம்னு போடுங்க."

"ரொக்கம்னா ரசீது கிழிக்கணும். ரசீது கிழிச்சா அந்தப் பணம் எங்கன்னு என்னைக் கேப்பாங்க. நான் எங்க போறது? அவரு ரொக்கம் குடுக்கல."

"அப்ப என்ன எழவைத்தான் குடுத்தான்?"

சிவக்குமார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "கூலி."

அர்ச்சுனனுக்கு வீட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. என்னமோ செய்யுங்கள் என்று எழுந்து போய்விட்டார்.

அந்த மாதமே கல் வந்தது. கறுப்புக் கிரானைட்டில் தங்க நிற எழுத்து. மேலே உபயதாரர்கள் என்று பெரிதாக. முதல் வரியில் குவாரி முதலாளி மாதேஸ்வரன், தரை டைல்ஸ், ரூ. 1,10,000. அடுத்து ஒரு குடும்பத்தார், வெண்கல மணி. அடுத்து மின்விசிறி, அடுத்து ஸ்பீக்கர் பெட்டி. கடைசி வரி: மாதப்பன், கூலி, ரூ. 11,350. டைல்ஸில் எழுதியதும் அதே விஷயம்தான். அங்கே அவமதிப்பு, இங்கே உபயம். எழுத்துக்கு மெருகு வேறு போட்டிருந்தார்கள்.

திருவிழாவுக்கு வந்த வெளியூர் ஜனம் வேலையில்லாமல் கல்லைப் படித்தது. "மணி புரியுது, ஃபேன் புரியுது. கூலியை எப்படி உபயமா குடுக்கறது?" என்று ஒருவர் தங்கம்மாளைக் கேட்டார். தங்கம்மாளிடம் கேட்கவே வேண்டியதில்லை, இவர் கேட்டும்விட்டார். வெற்றிலைக்குப் பாக்கிச் சில்லறை கொடுக்கிற நேரத்தில் முழுக் கதையும் சொல்லி முடித்தாள். கேட்டுக்கொண்டிருந்த பந்தல்காரன் நேராக அர்ச்சுனனிடம் போனான்.

"தலைவரே, எங்கூலிய இப்பவே குடுத்துடுங்க. எம்பேரு கல்லுல வர அளவுக்கு நான் புண்ணியம் பண்ணல."

பின்னாலேயே சீரியல் லைட்காரன், மேளக்காரன். சாமி பணத்தைத் தொட மாட்டேன் என்ற அர்ச்சுனன் அன்றைக்கு உண்டியலைத் திறந்து அத்தனை பேருக்கும் எண்ணிக் கொடுத்தார்.

அதைவிடக் குவாரி முதலாளிக்குத்தான் மனசு தாங்கவில்லை. "ஒரு லட்சத்துப் பத்தாயிரம் குடுத்தவன் பேரு இருக்கற கல்லுல கூலிங்கற வார்த்தையா? என்னை அவமானப்படுத்தறீங்களா?" என்று போனில் கத்தியிருக்கிறார். கமிட்டி அவசரமாகக் கூடி, கடைசி வரியைச் செதுக்கி எடுத்துவிடுவது என்று தீர்மானம் போட்டது.

தடுத்தது யார் தெரியுமா? பிரபாகர். மன்னிப்பு வீடியோ நன்றாக ஓடியதில் அவன் பேரவைக்கு இன்னும் ஆறு பேர் சேர்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் கல்லுக்கு முன்னால் துண்டு விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். "மனம் திருந்திய பக்தனின் உபயத்தை அழிப்பது மத உணர்வைப் புண்படுத்தும் செயல்!" என்று தட்டி வைத்தார்கள். ஸ்டேஷனிலிருந்து எஸ்.ஐ. அம்மா வந்து பார்த்துவிட்டு, கல்லை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

திருவிழாச் சமையலில் அண்டா ஒன்று கை நழுவி விழுந்து, முனியப்பன் காலடியில் ஒரு டைல்ஸ் வெடித்துவிட்டது. அந்த டிசைன் இப்போது கம்பெனியில் வருவதில்லையாம். சேலம் வரை கேட்டுவிட்டார்கள். தலைவர் வீட்டு மாடிப்படியில் அதே டிசைன் இருக்கிறதே, ஒன்றைப் பெயர்த்துக்கொள்ளலாமே என்று பச்சையப்பன் வெள்ளந்தியாகக் கேட்டார். அன்று மத்தியானமே அர்ச்சுனன் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்து, சாட்சிப் பொருளாக இருந்த என் டைல்ஸைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்தார்.

என்னைக் கூப்பிட்டார். "மாதப்பா, ஒரே டைல்ஸு. ஒட்டிடு."

"முந்நூறு ரூபாங்க. முன்னாடியே."

"சாமி காலடிக்குக் கூலியா?"

"சாமியக் கேக்க மாட்டேன்னு வீடியோவுல சத்தியம் பண்ணிட்டேனுங்க. உங்களைத்தான் கேக்கணும்."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சொந்தப் பணம். எண்ணி வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்ட பிறகுதான் கரணையை எடுத்தேன். சவுரியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து கலவை போட்டுக் கொடுத்தான். ஃபாதர் சொன்ன கொஞ்ச நாள் முடிந்துவிட்டது என்று அவனே முடிவு செய்திருந்தான். டைல்ஸின் முதுகில் என் எழுத்து அழியாமல் அப்படியே இருந்தது. ஸ்டேஷன் ஸ்டிக்கர் ஒன்று மேலே ஒட்டியிருந்தது. கலவை மேல் குப்புற வைத்து, ரப்பர் சுத்தியால் நாலு மூலையும் தட்டினேன். மேலே வழவழப்பு மட்டும்.

"இப்ப மடிச்சாச்சு பாரு," என்றான் சவுரி.

மறுநாள் கலவை காய்ந்த பிறகு நஞ்சம்மாள் உபயக் கல்லுக்கு முன்னால் நின்று, கடைசி வரியைப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். சத்தமாகப் படி என்றாள். சத்தமாகப் படித்தேன்.

"அப்ப கடன் தீந்துச்சா?"

"தீந்துச்சு. கல்லுல போட்டுட்டாங்க இல்ல, தள்ளுபடி."

"எந்தோடு?"

அவள் காதுக் குச்சிகளை ஒருமுறை திருகிச் சரிசெய்துகொண்டாள். பிறகு நேராக முனியப்பன் முன்னால் போய், புது டைல்ஸ் மேல் காலை ஊன்றி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"ஏண்டா முனியப்பா, டைல்ஸு ஒட்டுனவன் பொண்டாட்டி காது மூளியா நிக்குது, உனக்கு மண்டபம் கேக்குதா? கையாலாவாதவனே! முழிச்சிகிட்டே தூங்கறவனே! உனக்கு ஊத்துற சாராயத்துல தண்ணிய ஊத்த..."

தெருவே கேட்டது. பச்சையப்பன் கற்பூரத் தட்டோடு பொறுமையாகக் காத்திருந்தார். பிரபாகர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, போனை உயர்த்தி, அவள் காதிலிருந்த வேப்பங்குச்சி தெரியும்படி கிட்டே போய்ப் படம் பிடித்தான்.

"கிராமத்து பக்தின்னா இதான்யா," என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான். "பாரு, எவ்வளவு உரிமையா பேசறாங்க."